மோட்டார் ரூம் பக்கத்துக் கிண்ணங்கள்

எங்கள் அண்ணியின் தேனீப் பெட்டிகள் உட்காரும் இரும்பு ஸ்டாண்டுக்கு நான்கு கால். ஒவ்வொரு கால் அடியிலும் ஒரு எவர்சில்வர் பாயசக் கிண்ணம். எறும்பு ஏறாமலிருக்க அதில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த கிண்ணங்களைக் கழனியில் கொண்டு வைத்தவள் ஊரிலேயே எங்கள் அண்ணி ஒருத்திதான். அந்தக் கிண்ணங்களைப் பார்த்தால் எனக்கு முதலில் பெரியப்பா ஞாபகம்தான் வரும்.

ஆரணியில் அண்ணன் பட்டுத் தறியில் உட்கார்ந்திருக்க, அண்ணி தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் இரண்டு பெட்டி வாங்கி வந்தாள். பெட்டி வந்துவிட்டது, வைக்கப் பூ வேண்டுமே! செய்யாறு ரோட்டில் பெரியப்பா கழனி நிறைய எள் போட்டிருந்தார். பங்குனியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அண்ணி கேட்டாள், அவரும் அரை மனதாகத் தலையாட்டினார். மோட்டார் ரூம் ஓரமாக ஸ்டாண்டை நிறுத்தினோம். ஒரு வாரம் போயிருக்கும். யார் ஓதினார்களோ, திடீரென்று வந்து நின்றார்.

"ஈயெல்லாம் பூவுல கீற பாலை உறிஞ்சிகினு போவுது. அப்புறம் காய் எங்கேர்ந்து புடிக்கும்? ஜல்தியா எட்த்துகினு போயிடும்மா."

அண்ணிக்கு முகம் செத்துவிட்டது. எள் பூப்பதே கொஞ்ச நாள். அதை விட்டால் அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் வேறு பூ கிடையாது, பெட்டிகள் பட்டினிதான். "வேணாம்னு சொல்லிட்டு போவட்டும், எனுக்கின்னா" என்று வாயால் சொன்னாளே தவிர, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். பொழுது சாய்ந்து தேனீக்கள் அடங்கியதும் நானும் அண்ணியுமாகப் பெட்டிகளைத் தூக்கி, அப்போதைக்கு வரப்பு தாண்டி எங்கள் தரிசில் செங்கல் மேல் வைத்தோம். இரும்பு ஸ்டாண்டு அங்கேயே கிடந்தது.

தேனீ பெட்டியை ஞாபகம் வைக்காது, இடத்தைத்தான் வைக்கும். மேயப் போனது பழைய இடத்துக்கேதான் திரும்பும். பயிற்சியில் சொல்லித்தான் இருப்பார்கள். அண்ணி அந்த நேரம் இராத்திரிக் குழம்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ! மறுநாள் கழனிக்குப் போன பெரியப்பா பார்த்தது, மோட்டார் ரூம் பூட்டின் மேல் கொத்தாகத் தொங்கிய தேனீக்களை. கரண்ட் வந்துவிட்டது, சாவி கையில், கதவைத் தொட வழியில்லை. காதில் ஒன்று கொட்டியும் விட்டது. நேராக மொபெட்டில் ஆரணி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, பெட்டிய எட்த்துகினு போனியே, ஈய யாருக்கும்மா உட்டுட்டு போன?"

"பெட்டிய தானே மாமா எடுக்க சொன்னீங்க?"

தறிச் சத்தம் நின்றது; உள்ளே அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது வாசல் வரை தெரிந்தது. பெரியப்பா வீங்கிய காதைத் தடவினார். "பேஜாரா பூட்ச்சி. கொண்டாந்து அங்கியே வச்சித் தொலை. பூ முடியற வரிக்கும்தான்!" அன்று சாயங்காலமே வைத்தோம். அண்ணி அதற்கப்புறம்தான் சாப்பிட்டாள்.

அந்த வருஷம் எள் நன்றாகக் காய்த்தது. "பனி நல்லா பேஞ்சிச்சி இல்ல" என்றார் பெரியப்பா. அண்ணி தேன் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாள். தொடவே மாட்டேன் என்றாராம், பாட்டிலில் தேன் மட்டும் தானாகக் குறைந்தது என்று பெரியம்மா சொன்னார். பூ முடிந்து பெட்டிகளை எடுத்து வந்தபோது ஸ்டாண்டையும் கிண்ணங்களையும் அங்கேயே விட்டிருந்தோம். அடுத்த பங்குனியில் பெட்டியோடு போனபோது நான்கு கிண்ணத்திலும் தண்ணீர் தளும்ப நின்றது. "ரூம்ல எறும்பு ஜாஸ்தி, அதுக்கு ஊத்துனேன். உன் பெட்டிக்குன்னு நென்ச்சிக்காத" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த எறும்புக்காகவே ஊற்றினார்.

போன ஐப்பசியில் பெரியப்பா போய்விட்டார். இந்தப் பங்குனியிலும் அவர் மகன் எள்தான் போட்டிருக்கிறான். பெட்டி வைக்கச் சொல்லி அவனே போன் செய்தான். அண்ணிக்கு முட்டி வலி, அதனால் நான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பூ கண்ணுக்கெட்டிய வரை இருந்தது. பெட்டியை இறக்குவதற்குள் அண்ணியின் போன்.

"கிண்ணத்துல தண்ணி கீதா பாரு."

குனிந்து பார்த்தேன். "காஞ்சி கெடக்குது அண்ணி."



"சரி," என்றாள், "நீயே ஊத்து."