தாச்சிக்குள் வெடித்த ஐஸ்லாந்து

கோயிலில் பிள்ளைகளின் முதல் நன்மை விருந்தோ பிறந்தநாளோ, றீற்றாவின் மட்டன் றோல்ஸ் இல்லாமல் அஜின்கோர்ட் தமிழர் வீடுகளில் எதுவும் நடக்காது. ஏழாம் மாடிக் குசினிதான் அவளுடைய தொழிற்சாலை. அங்கே அவளுக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று, ஸ்மோக் அலாம். அது ஏற்கனவே இரண்டு தடவை கத்தி, கட்டடம் முழுவதையும் தெருவில் இறக்கியிருந்தது. மூன்றாம் தடவை கத்தினால் பொரிக்கிற வேலைக்கே தடை என்று கட்டட மனேஜர் கடிதம் கொடுத்திருந்தார். மற்றது, கணவன் சீமோன்.

சீமோனுக்குக் கார் பார்க்கில் காவல் வேலை. கூண்டுக்குள் இருந்து பேப்பரை வரி விடாமல் மேய்ந்துவிட்டு வந்து, யாரும் கேட்காமலே சொல்லுவார். தொண்ணூற்றாறாம் ஆண்டு அந்த இலையுதிர்காலம் முழுக்க ஐஸ்லாந்துதான். மலையளவு பனிக்கட்டிக்கு அடியில் எரிமலை வெடித்துவிட்டதாம். றீற்றா மாவைக் குழைத்தபடி "ஓம், ஓம்" என்பாள். அவளுக்கு எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை இருநூறு றோல்ஸுக்கு ஓடர். உறைந்த றோல்ஸைக் குளிர் விட வைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்துத்தான் அவள் பொரிப்பாள். அன்று உதவி செய்கிறேன் என்று சீமோன் வந்து நின்றார்.

"அடியில நெருப்பு, மேல ஐஸ். உருகின தண்ணி நெருப்பில பட்டால்..." என்று சொல்லிக்கொண்டே, வெண்பனி மூடிய றோல்ஸை ஒரு பை முழுக்கக் கொதிக்கும் எண்ணெய்த் தாச்சிக்குள் கவிழ்த்தார்.

வசனத்தைத் தாச்சி முடித்து வைத்தது. எண்ணெய் கூரைவரை எழும்பி, அடுப்பில் வழிந்து புகைந்தது. அலாம் கத்தியது. றீற்றா அடுப்பை நிறுத்தித் தாச்சியை மூடினாள். நல்லகாலம், காயமில்லை. சீமோனின் மீசையில், றோல்ஸில் பிரட்டியிருந்த பாண் தூள் மட்டும்.

பதினாலு மாடிச் சனமும் கோட்டும் சறமுமாகக் கீழே நடுங்கியது. மனேஜர் கடிதத்தோடு வந்தார். தொழில் போய்விட்டது என்றே றீற்றா நினைத்தாள். சீமோனோ மீசையைத் தட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் அவளே தனக்குத் தெரிந்த இங்கிலீசில் தொடங்கினாள். பனி உருகித் தண்ணீராகி, தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி, ஆவிதான் எண்ணெயைத் தூக்கி எறிந்தது என்றாள். ஐஸ்லாந்திலும் இதே கதை, அங்கே சாம்பல், இங்கே பாண் தூள் என்றாள். பனியின் பாரம் குறைந்தால் அடியிலுள்ள எரிமலைக் குழம்பு இன்னும் கிளம்பும் என்பதையும் விடவில்லை. குளிரில் கால்மணி நேரம் இதைக் கேட்டு நின்ற மனேஜர், தடையை விட்டுவிட்டு, இனி உறைந்த சாமான் எண்ணெய்க்குள் போகக்கூடாது என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்.

சீமோனுக்குக் கண் கலங்கியது. "அப்ப நீர் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனீரோ?"

"ஒரு அறை வீட்டில வேற எங்க போறது? இனிக் குசினிக்குள்ள வராதேங்கோ. கதிரையை வாசலில போட்டு, அதில இருந்துகொண்டு சொல்லுங்கோ."