கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு

கலங்கிய தண்ணீருக்குள் சிவப்பு எப்படித் தெரியும்? சட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம். நிர்மலாதேவிக்கு இதை வாயால் சொல்லப் பிடிக்காது. மிட்டாய்க்கடை பாட்டில் ஒன்றில் கலங்கல் தண்ணீரை மொண்டு, தூண்டிலில் கட்டும் பிளாஸ்டிக் மீனை நூலில் கோத்து உள்ளே இறக்கி, பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, மழை முகத்தில் அடிக்க அண்ணாந்து பார்க்கிறார். "மீனு கீழேர்ந்துதான பாக்குது? நாமளும் கீழேர்ந்து பாக்கணும்."

தேங்காய்த்திட்டு முகத்துவாரத்துக் கருங்கல் அணையில் ஐப்பசி ஞாயிறுதோறும் இது நடக்கிறது. மற்ற ஆறு நாளும் ரெட்டியார்பாளையத்தில் அவருக்குக் கடை. புடவைக்கு ரவிக்கைத் துணி மேட்சிங். இருபது வருடத்தில் எந்தத் துணியையும் டியூப்லைட்டில் பார்த்துக் கொடுத்ததில்லை. வாங்க வந்தவரையும் சேர்த்துத் தெரு வெளிச்சத்துக்கு இழுத்து வந்துவிடுவார். பிளாஸ்டிக் மீன்களுக்கு நகப்பூச்சு அடித்து வேண்டிய நிறத்தைத் தானே செய்துகொள்கிறார். அவருடைய பத்து விரலில் ஒன்றிலும் பூச்சு கிடையாது.

மீன் கூடும் நுனிக்கல்லில் மட்டும் அவர் நிற்கக் கூடாது. பெண் கால் பட்டால் மீன் ஒதுங்கிவிடுமாம். இந்தச் சட்டத்தை எழுதியது மீன் அல்ல. அங்கே இன்னும் மூவரோடு நிரந்தரமாக நிற்பவர் வெற்றிவேல், காப்பீட்டு முகவர். டிவி ராசிபலனில் சொல்லும் அதிர்ஷ்ட நிறத்தைத்தான் தூண்டிலில் கட்டுவார். போன ஞாயிறு அவருடைய ரிஷபத்துக்குச் சிவப்பு.

"ராசி உங்களுக்குண்ணா. மீனுக்கு?"

"மீனுக்கு மீன ராசிதான். இதுகூடத் தெரியாதா?"

"அப்ப மீனத்துக்கு இன்னிக்கு என்ன கலர்னு பாத்தீங்களா?"

வெற்றிவேல் பார்க்கவில்லை. முகம் வாடியது உண்மை.

இரண்டு மணி நேரம் அவருடைய சிவப்பை ஒரு மீனும் சீண்டவில்லை. கரையோரச் சேற்றில் என் பக்கத்தில் நின்ற நிர்மலாதேவி, கறுப்பில் முழங்கை நீளக் கொடுவா ஒன்றை இழுத்துப் போட்டார். வெற்றிவேல் இறங்கி வந்தார்.

"ஏம்மா, ஒரு கறுப்பு குடேன்."

"மொதல்ல குந்துங்க."

பாட்டிலுக்கடியில் குந்த வைத்துக் காட்டினார். சிவப்பு சேற்றோடு சேறாகிக் காணாமல் போனது. கறுப்பு, வானத்து வெளிச்சத்துக்கு எதிரே துல்லியமாக மீனாக நின்றது.

"அட, தெரியுதே!"

"அப்ப நான் நுனிக்குப் போலாமா?"

"அது வேறம்மா. நீ கறுப்ப மட்டும் குடு."

அறிவு வேண்டும், அறிவுள்ளவள் வேண்டாம்! நான் வாய் திறப்பதற்குள் நிர்மலாதேவி முந்திக்கொண்டார். கொக்கி மூன்றும் நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு மீனை வெற்றிவேலின் வலது உள்ளங்கையில் வைத்தார். இடது கையில் ஏற்கெனவே தூண்டில் கழி. "பாத்துண்ணா, குத்திடும், அசையாதீங்க" என்றபடி, இரண்டு கையும் மாட்டிக்கொண்டு நின்றவரைச் சுற்றிப் போய் நுனிக்கல்லில் ஏறி நின்றார்.

பெண் கால் பட்டுவிட்டதென்று மற்ற மூவரும் நூலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வருகிற ஞாயிறு அங்கே தூண்டில் போடப் போகிறவர்களே, நீங்கள் சுருட்டாதீர்கள். நிர்மலாதேவி பக்கத்தில் போய் நில்லுங்கள்.