ஒன்பதாவது பெயருக்கான இடம்

எங்கள் ஊர்த் தேவாலயத்தின் வடக்குச் சுவரில் ஒரு பளிங்குப் பலகை இருக்கிறது. அதில் எட்டுப் பெயர்கள், எட்டும் பெல்லர்பி. எட்டாவதற்குக் கீழே ஒரு சாண் இடம் சும்மா கிடக்கிறது. டெஸ்மண்ட் பெல்லர்பி என்ற பஸ் டிரைவரின் வாழ்க்கை அந்த ஒரு சாணில் போய் மாட்டிக்கொண்டது.

முதல் பெல்லர்பி கடற்படைக்கு உப்பிட்ட மாட்டிறைச்சி கொடுத்தவர். அதைத் தின்று செத்த மாலுமிகளின் பெயரை யாரும் பளிங்கில் வெட்டவில்லை. இறைச்சி கொடுத்தவருக்கு மட்டும் 1781இல் பேரனட் பட்டம் கிடைத்தது. பெயருக்கு முன்னால் 'சர்'. அப்பாவுக்குப் பின் மூத்த மகன், அவனுக்குப் பின் அவன் மகன் என்று ஆண்வழி இருக்கும்வரை அது போய்க்கொண்டே இருக்கும். இரண்டாமவர் குதிரைப் பந்தயத்தில் பாதி நிலத்தை விட்டார். மேடு என்பதே இல்லாத இந்த மாவட்டத்தில் கடலைப் பார்க்க ஆசைப்பட்ட மூன்றாமவர் ஒரு கோபுரம் கட்டினார். அது அவருக்கு முன்பே விழுந்தது. நான்காமவருக்கு ஏழு பெண்கள். பெண்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்பதால் பட்டம் தம்பி மகனுக்குப் போயிற்று. கடைசித் தம்பி பால் கறக்கும் பெண் ஒருத்தியோடு ஓடிப்போனார். அதற்குப் பிறகு வந்தவர்கள் விற்றார்கள். எட்டாமவருக்கு விற்க ஒன்றும் மிஞ்சவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல், கடலோர முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு கிளியோடு இருந்து செத்தார்.

பலகையில் இது எதுவும் கிடையாது. அதில் எல்லோரும் நல்லவர்கள். வழக்கம் ஒன்றே ஒன்றுதான்: செத்த பிறகே பெயர் ஏறும்.

பால்காரியோடு ஓடியவரின் வழி வந்தவர் டெஸ்மண்ட். முப்பத்து நான்கு வருஷம் ஐம்பத்து மூன்றாம் நம்பர் பஸ் ஓட்டினார். தேவாலயம் துடைக்கும் முறைப்பட்டியலில் வடக்குச் சுவரை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் எட்டுப் பெயரையும், கீழே இருந்த வெற்றிடத்தையும் துடைப்பார். வெற்றிடத்தில் கை கொஞ்சம் அதிக நேரம் நிற்கும்.

எட்டாமவர் செத்த ஆறாம் மாதம் ஒரு வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. மற்ற கிளைகள் பட்டுப்போய்விட்டன, அடுத்த வாரிசு நீங்களாக இருக்கலாம், தலைமுறைதோறும் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களோடு லண்டனுக்கு எழுதுங்கள், அங்குள்ள பேரனட் பட்டியலில் பெயர் ஏறினால்தான் 'சர்' செல்லும் என்று எழுதியிருந்தது. பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்தார்.

மதுக்கடையில் கூடுகிறவர்கள் லண்டனுக்காகக் காத்திருக்கவில்லை.

"சர் டெஸ்மண்ட், கிரீடத்தோட பஸ்ஸுல ஏறினா கூரை இடிக்காது?"

"பேரனட்டுக்குக் கிரீடம் கிடையாதுடா, முட்டாள்."

"அப்போ என்னத்துக்குய்யா அது? உனக்கு ஓசி பஸ் பாஸ் ஏற்கெனவே இருக்கே!"

அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "சர்னு கூப்பிடறது யாருக்கு வேணும், வாத்தியாரே? செத்தப்புறம் அந்தச் சுவர்ல நான் இருக்கணும். முப்பது வருஷமா துடைக்கிறேன்."

காகிதங்களைச் சேர்த்தோம். பால்காரியின் கல்யாணச் சான்று முதற்கொண்டு கிடைத்தது. கிடைக்காதது அவருடைய பெற்றோருடையதுதான். வெள்ளத்தில் போய்விட்டது என்றார் அவர் அம்மா மாவிஸ். வயது எண்பத்திரண்டு. டெஸ்மண்ட் கவலைப்படவில்லை. பெற்றோரின் கல்யாணப் பொன்விழாவுக்கு ஊர் மண்டபத்தில் கேக் வெட்டியபோது வந்த பீங்கான் தட்டு அம்மாவின் சமையலறை அலமாரியில் நிற்கிறதே! தட்டில் தங்க எழுத்தில் '1956 ஏப்ரல்'. அதைப் படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்றார்.

தட்டெல்லாம் ஆதாரமாகாது, பதிவு அலுவலகத்துக்கு எழுதினால் நகல் தபாலில் வந்துவிடும் என்று நான்தான் சொன்னேன்.

நகல் வந்தது. கல்யாணத் தேதி 1957 ஏப்ரல் ஆறு. டெஸ்மண்ட் பிறந்தது அதே வருஷம் ஜனவரி பத்தொன்பது.

"குமாஸ்தா தப்பா எழுதியிருப்பானோ?" என்றார். அவன் தப்பாக எழுதியிருக்கமாட்டான் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

இந்த நாட்டுச் சட்டம் கருணையுள்ளது. பிள்ளை பிறந்த பிறகு பெற்றோர் மணந்துகொண்டால், அன்றிலிருந்து அவன் முறையான பிள்ளை. வீடு, நிலம், நாற்காலி எல்லாம் அவனுக்கு வரும். பட்டம் மட்டும் வராது. அதைச் சட்டம் தனியாக நினைவு வைத்து விலக்கியிருக்கிறது.

அன்று மாலையே மாவிஸ் வீட்டுக்குப் போனார், சட்டத்தை விளக்க என்னையும் இழுத்துக்கொண்டு. தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே நகலை வைத்தார்.

"என்னம்மா இது?"

"எங்கேர்ந்து புடிச்ச? வெள்ளத்துல போச்சுன்னு சொன்னேனே."

"வெள்ளம் உன் வீட்டுக்குத்தான் வந்துச்சு. பதிவு ஆபீசுக்கு வரல."

மாவிஸ் கண்ணாடியைக் கழற்றி ஏப்ரன் துணியில் துடைத்தார். "உங்கப்பா சைப்ரஸ்ல பட்டாளத்துல இருந்தாரு. கிறிஸ்துமசுக்கு லீவு தர்றோம்னானுங்க. சூயஸ்ல சண்டை வந்துச்சு, லீவு இல்லேன்னுட்டானுங்க. ஏப்ரல்லதான் விட்டானுங்க. வந்த மூணாம் நாள் கல்யாணம். நீ என் அக்கா மடியில கத்திக்கிட்டு இருந்த."

"அப்போ பொன்விழா?"

"ஒரு வருஷம் முன்னாடியே கொண்டாடிட்டோம். கேக் நல்லாத்தான இருந்துச்சு?"

"அம்மா!"

"உன்னை ஒரு பய ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னுதான்டா. அம்பது வருஷம் உங்கப்பாவும் வாயைத் திறக்கல. கைக்குழந்தையோட இந்த ஊருக்கு வந்தேன், யாரும் தேதி கேக்கல. இப்போ நீ கேக்கற."

"மூணு மாசம். வெறும் மூணு மாசத்துல போச்சு."

"நீதான் கொஞ்சம் பொறுத்துப் பொறந்திருக்கணும்," என்று சிரிக்கப் பார்த்தார் மாவிஸ்.

"நீ பொறுத்திருக்கணும்," என்றார் டெஸ்மண்ட்.

மாவிஸ் எழுந்து, இன்னும் யாரும் குடிக்காத கோப்பைகளைக் கழுவ எடுத்துப்போனார். அடுத்த முறை நான் போனபோது அலமாரியில் தட்டு இல்லை. அது நின்ற இடத்தில் சுவர்க் காகிதம் வட்டமாக, புதிதுபோல இருந்தது.

சட்டப்படி ஒன்பதாவது பேரனட், டெஸ்மண்டைவிட நான்கு வயது இளைய தம்பி பாரி. ஹல் நகரத்தில் கம்பளக் கடை. அம்மாவைப் பார்க்க வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. டெஸ்மண்டுக்கு அவரைப் பிடிக்காது. இருந்தும் காகித ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவரே போனார். அங்கே நடந்ததை என்னிடம் வரிவரியாகச் சொன்னார்.

"வாண்ணே! கம்பளம் ஏதும் வேணுமா?"

"பட்டம் உனக்கு வந்திருக்கு. எல்லாம் தயார். கையெழுத்துப் போடு."

பாரி நிதானமாகப் புரட்டியிருக்கிறார். "அம்மா கல்யாணச் சான்றும் போகணுமா?"

"ஆமா."

"உன் பொறந்த தேதியும்?"

"மூத்தவன் ஏன் இல்லேன்னு காட்டணுமில்ல."

பாரி ஃபைலை மூடி அண்ணன் பக்கம் தள்ளினாராம். "அப்போ வேணாம்ணே. லண்டன்ல எவனோ ஒருத்தன் ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு விரல் விட்டு எண்ணுவான். அம்மா உசுரோட இருக்கா."

"நீ அவளை வந்து பாத்து மூணு வருஷமாச்சுடா!"

"பாக்கலதான். அதுக்கும் இதுக்கும் என்ன?"

டெஸ்மண்ட் ஃபைலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். பட்டத்தைப் பாரி பிடுங்கிக்கொண்டு கடை வாசலில் 'சர்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தால் டெஸ்மண்ட் நிம்மதியாக வெறுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்த வசதியையும் தம்பி கொடுக்கவில்லை. பாரிக்கு இரண்டும் பெண்கள். ஆக, மாட்டிறைச்சியில் தொடங்கியது கம்பளக் கடையில், யாரும் கேட்காமலே முடியும்.

டெஸ்மண்ட் ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில்தான் இன்னமும் சாப்பிடுகிறார். வானிலையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் வானிலை நிறையவே உண்டு.

சனிக்கிழமைத் துடைப்பையும் விடவில்லை. போன மாதம் எங்கள் புதிய பாதிரியார் பலகை முன்னால் நின்றார். சின்ன வயதுப் பெண், நல்ல கண். மேலே வெள்ளையாக இருக்கும் பளிங்கு, கீழே ஒரு சாண் மட்டும் பழுத்துப் பழுப்பேறி இருந்தது.

"டெஸ்மண்ட், கீழே மட்டும் துடைக்காம விட்டுட்டீங்களே?"

அவர் துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டார்.

"அங்க யாரும் இல்லையேம்மா."