வாரத்துக்கு வளர்த்த வெள்ளெலி

எங்கள் பக்கம் ஆட்டுக்குட்டியை வாரத்துக்கு விடுவார்கள். குட்டி ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர், ஈனுகிறதில் வளர்த்தவளுக்குப் பாதி. எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ச்சொல்தான். அந்தச் சொல்லை மாற்றினவர்களை நான் பார்த்ததில்லை. டீச்சர் சொன்னதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு கல்லூரியில் எலிக்கூண்டு கழுவுகிற வேலை பார்த்தேன். ராஜபாளையத்திலிருந்து காலை பஸ்ஸில் போவேன். அஞ்சாவது வரை படித்தவள். யாராவது பேசினால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எலிகளிடம் மட்டும் வாய் ஓயாது. டீச்சர் ஆராய்ச்சிக்காக வெளியூரிலிருந்து வந்தவர், என்னைவிடச் சின்னவர்.

வால் நுனி வளைந்த எலி ஒன்று இருந்தது. அதன் மூளைக்குள் மெல்லிய கம்பியை இறக்கி, மண்டைமேல் வெள்ளையாகப் பூசி வைத்திருந்தார்கள். கூண்டைத் திறந்தால் என் உள்ளங்கையில் ஏறி உட்காரும். அதற்காகவே வறுகடலை முடிந்துகொண்டு போவேன். ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"இதுக்கு அந்தக் கம்பிய எப்ப எடுப்பீக டீச்சர்?"

"வேலை முடியட்டும்க்கா. அப்புறம் உங்களுக்கே தந்துடறேன். நீங்கதானே வளர்க்கிறீங்க."

பிரசவத் தையலைப் பிரித்து அனுப்புவதுபோல கம்பியை உருவிவிட்டுத் தருவார் என்று நினைத்தேன். பஜாரில் கிளிக்கூண்டு ஒன்று வாங்கிவிட்டேன். கூடப் பெருக்குகிறவள் கேலி பண்ணாமல் விடவில்லை.

"ஏட்டி, ஊருல எல்லாரும் எலிக்குப் பொறி வைக்காக. நீ மட்டும் வீடு வாங்கிக் கொடுக்கியே! பால் காய்ச்சுறது எப்ப?"

சிரித்துக்கொண்டேன். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அப்போது எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

டீச்சர் செய்கிற வேலையை ஓரமாக நின்று பார்ப்பேன். வயிறு முட்டத் தின்றுவிட்டு எலி படுத்திருக்கும். கம்பிக்குக் கரண்ட் விடுகிற ஸ்விட்சைப் போட்டதும் எழுந்து ஓடி மறுபடி தின்னும், தண்ணீர்க் குழாயைச் சப்பும். நிறுத்தினால் வாயில் இருந்ததை அப்படியே போட்டுவிடும். கைகழுவி எழுந்தவளைப் பிடித்து மறுபடி இலையில் உட்காரவைத்த மாதிரி இருக்கும்.

பிறகு கூண்டுக்குள் ஒரு கட்டை வைத்தார்கள். எலியே அதை அமுக்கினால் கரண்ட் தலைக்குள் போகும். அதற்கப்புறம் அது கட்டையை விட்டு நகரவில்லை. சோறு தண்ணி மறந்து அமுக்கிக்கொண்டே இருந்தது. கடலையை நீட்டினேன், கூப்பிட்டேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க கடலையைவிட அதுக்கு இதுதான்க்கா ருசி," என்று டீச்சர் சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது, எலிமேல்தான். பஸ்ஸில் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போனேன். சரி, கம்பி போனால் பழையபடி வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, "வேலை முடிஞ்சுதுக்கா. அதைக் கொஞ்சம் எடுத்துப் பிடிங்க. எங்க கைன்னா கடிக்குது," என்றார். நான் கிளிக்கூண்டை நினைத்துக்கொண்டே கையை நீட்டினேன். கட்டை இல்லாத கூண்டில் இருந்ததால் உடனே ஏறிக்கொண்டது. டீச்சர் ஊசி போட்டார். என் கையில் கனத்துத் தூங்கிவிட்டது.

"எப்ப முழிக்கும் டீச்சர்?"

"முழிக்காதுக்கா. மூளையை எடுத்துச் சீவிப் பார்த்தாத்தான் கம்பி எந்த இடத்துல நின்னுச்சுன்னு தெரியும்."

"மொதல்லயே தெரியுமா?"

"எல்லா எலிக்கும் இப்படித்தானே." என் முகத்தைப் பார்த்து அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "ஐயோ, அன்னைக்குச் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்க்கா. வேற ஒண்ணு எடுத்துக்கோங்களேன்."

வேறு ஒன்று. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கடிபடுகிற தன் கைக்கு வராததை, கடிபடாத என் கையை வைத்து வாங்கிக்கொண்டார். சூடு ஆறுகிறவரை வைத்திருந்து, தட்டில் கிடத்திவிட்டுக் கையைக் கழுவினேன்.

அடுத்த மாதம் புதுக் குட்டிகள் வந்தன. "உங்க கைக்குப் பழக்கிடுங்கக்கா," என்றார். தலையை ஆட்டினேன். தீனியைக் கரண்டியால் போட்டேன். கடலை கொண்டுபோகவில்லை, ஒன்றிடமும் பேசவில்லை. கூண்டுக்குள் கையே விடவில்லை.

"இந்தத் தடவை வந்ததெல்லாம் இப்படிக் கடிக்குதே, ஏன்க்கா?" என்று விரலுக்குத் துணி சுற்றியபடி கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.