கம்பெனி காலி

பதினாலு வயதில் எனக்கு விண்வெளிப் போர்க் கதைகள் என்றால் பைத்தியம். ஏதோ ஒரு வீடியோ கேமை வைத்து ஆங்கிலத்தில் எழுதித் தள்ளிய புத்தகங்கள் அவை. கேம்ப் கடைத்தெரு நடைபாதையில் அட்டை கிழிந்து பழையதாகக் கிடைக்கும். அந்த விளையாட்டை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எத்தனை பேர் மாற்றி மாற்றி எழுதினாலும் நாயகன் அதே இரும்புக் கவசக் கேப்டன்தான். அவனுக்குச் சாவே கிடையாது. செத்தால் அடுத்த புத்தகத்தை எப்படி விற்பார்கள்? அதனால் கூட இருப்பவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். எனக்கு அது கொஞ்சமும் உறுத்தவில்லை.

தமிழ்நாட்டுக்கு வெளியே, தாபோடியில் எங்கள் வீடு. அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில், குண்டுக்கு மருந்து அடைக்கும் பிரிவில் வேலை. வீட்டில் நாங்கள் அதைக் 'கம்பெனி' என்றுதான் சொல்வோம். அம்மா அதைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். அப்பா வரப் பத்து நிமிடம் தாமதமானால் மட்டும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாள்.

பள்ளிக்கூடம் விடுமுறையான ஒரு நாள் மதியம், ஆங்கிலம் அவ்வளவாக வராத தங்கைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ராணுவத்தில் நூறு பேர் கொண்ட படைப்பிரிவுக்கும் கம்பெனி என்றுதான் பெயர். அதை நான் அப்படியே சொன்னேன். நடிப்பில் வேறு எனக்குக் குறைச்சல் இல்லையா, அழுகிற குரலில், "ஒரே வெடி! கம்பெனியே காலி! ஒருத்தர்கூட மிஞ்சல!" என்றேன்.

கொஞ்ச நேரத்தில், பின்கட்டில் வாளி நிரம்பித் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் காணோம்.

எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தாள். "என்னடி ஆச்சு? உங்கம்மா கம்பெனி கம்பெனின்னு அழுதுக்கிட்டே ஓடுறாங்க, கால்ல செருப்புகூட இல்ல!"

தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அக்காவே ஒரு ஆட்டோவை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டாள்.

தொழிற்சாலை கேட்டில் அம்மா காவலாளியிடம் "மேரா ஆத்மி, மேரா ஆத்மி" என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் புருஷனைக் கேட்டு மன்றாடிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. கடைசியில் போன் போட்டு அப்பாவை வரவழைத்தார்கள்.

"பிள்ளைங்களுக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே அப்பா வெளியே ஓடி வந்தார். அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போது அவமானமாக இருந்தது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். காவலாளிக்கும் ஹிந்தியில் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

"ஆமா, நீ இந்தப் பக்கமே வந்ததில்லையே. எப்படி வழி தெரிஞ்சுது?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணமாகி வந்த வருஷமே உங்க கூட்டாளிங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட கேட்டு வச்சுக்கிட்டேன். எந்த ரோடு, எந்த கேட்டுன்னு. என்னைக்காவது ஓடி வர வேண்டியிருக்குமே."