புறங்கையால் ஊற்றிய சாகே

முப்பது வருடம் ஒரு மாவட்டச் செய்தித்தாளில் வேலை பார்த்தேன். தீ விபத்து, ரயில் விபத்து, காணாமல் போனவர்கள். இவைதான் என் பகுதி. இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லாத எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. பேயைப் பார்த்தேன் என்று எழுதிய வாசகர்களுக்கு மரியாதையாகப் பதில் போட்டுவிட்டு, கடிதத்தைக் குப்பைக் கூடைக்குள் தள்ளியிருக்கிறேன்.

இது நடந்தது. பகலில் தொடங்கி, விளக்கேற்றும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. என்னைத் தவிர இன்னொருவரும் பார்த்தார். அவர் என் கணவர். ஆனால் நான் பார்த்ததும் அவர் பார்த்ததும் ஒன்றல்ல.

என் கணவர் யசுமாசா நாற்பது வருடம் உழவு இயந்திரம் விற்றவர். வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்து குடிப்பது அவருடைய வேலையில் பாதி. எங்கள் நாட்டில் யாரும் தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்வதில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும். நமக்கு வேண்டுமென்றால் முதலில் அவருக்கு ஊற்றுவோம். அவர் திருப்பி ஊற்றுவார். யசுமாசாவின் கை அதற்கென்றே பழகியது. பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், கண் எங்கோ இருக்கும், கை மட்டும் காலியான கிண்ணத்தைத் தேடிப் போய்விடும்.

போன இலையுதிர் காலத்தில் அவருடைய நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள். பிப்ரவரியில், கமினோசே ஊரில் அந்த வருடத்துப் புது சாகேயை, அதாவது அரிசி மதுவை, ஆலை ஆலையாக நடந்து ருசிக்கும் நடைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். மூன்று சாகே ஆலைகள், கடைசியில் ஜூசென்ஜி கோயில். மதியம் தொடங்கும் நடை. டாக்டர் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"சின்னக் கிண்ணத்துல மூணு. அதுக்கு மேல போனா என்கிட்ட வராதீங்க. நேரா கோயிலுக்கே போயிடுங்க, காரியத்த அவங்க பாத்துப்பாங்க."

யசுமாசா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்தே எனக்கு எதுவும் சரியாக உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. அவருடைய மாத்திரை, அவருடைய மூச்சு, அவருடைய கிண்ணம். அன்றைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மட்டும்தான்.

கமினோசே ரயில் நிலையத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு பீங்கான் கிண்ணம் கொடுத்தார்கள். துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வழிகாட்டிப் பெண்ணின் பெயர் மியாஹாரா. மஞ்சள் கொடியை ஆட்டியபடி கத்தினாள்.

"வழுக்கி விழுந்தா கிண்ணத்தக் காப்பாத்துங்க! முட்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, கிண்ணத்துக்கு இல்ல!"

மெல்லிய பனி விழுந்துகொண்டிருந்தது. யசுமாசா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, ஜெயில் வார்டன் மாதிரி பாக்குற?"

"மூணு. ஞாபகம் இருக்கட்டும்."

"ரிட்டயர் ஆயும் விசாரணைய விடல பாரு."

முதல் ஆலையில், புது சாகே தயார் என்பதற்கு அடையாளமாகக் கூரையடியில் புதிதாகக் கட்டிய தேவதாரு இலைப் பந்து பச்சைப் பசேல் என்று தொங்கியது. உள்ளே கூட்டம். வெந்த அரிசியின் ஆவி. நீள மேசை மேல் குடுவைகள். யசுமாசாவுக்கு எதிரே நின்ற பல் மருத்துவர் ஒருவர் ஊற்றினார். ஒன்று. நான் எண்ணிக்கொண்டேன். என் கிண்ணத்தையும் குடித்தேன். நல்ல சாகே. பேரிக்காய் வாசனை.

பிறகு யசுமாசா குடுவையை எடுத்தார். என்னைத் தாண்டிக் கையை நீட்டினார். எனக்கு இடது பக்கம்.

களக்... களக்... களக்.

குடுவையின் கழுத்திலிருந்து சாகே இறங்கும் சத்தம். எவருக்கோ ஊற்றுகிறார். அவருடைய சொந்தக் கிண்ணம் காலியாகவே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். ஓரக்கண்ணில் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையின் கை ஒன்று தெரிந்தது. மணிக்கட்டுப் பக்கம் நனைந்து கறுத்திருந்தது. அவ்வளவுதான்.

இரண்டாவது ஆலைக்கு ஆற்றங்கரை வழியாக நடந்தோம். பனி கனத்தது. யசுமாசாவின் தொப்பியிலும் இரண்டு தோள்களிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. என் வலது தோளிலும் படிந்திருந்தது.

இடது தோளில் இல்லை.

காற்று அந்தப் பக்கமிருந்து வீசுகிறது போல என்று நினைத்தேன். நின்று பார்த்தேன். காற்றே இல்லை. பனி நேராக விழுந்துகொண்டிருந்தது.

இரண்டாவது ஆலையில் குடித்தபோது எனக்கு வாசனை எதுவும் தெரியவில்லை. குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். உதடு மரத்திருந்தது. யசுமாசாவுக்கு இரண்டு.

மறுபடி அவர் கை என்னைத் தாண்டிப் போனது.

களக்... களக்...

"யாருக்கு ஊத்துறீங்க?"

"பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான்."

திரும்பினேன். ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். அதைத் தாண்டி இரண்டு கல்லூரிப் பெண்கள். இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கிண்ணங்கள் பைக்குள் இருந்தன.

மேசையைப் பார்த்தேன். பிறகு தரையை. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

தொழில் பழக்கம். கண்ணில் பட்டதை மனதில் குறித்துக்கொண்டேன். வேறெதுவும் செய்யவில்லை.

மூன்றாவது ஆலையில் யசுமாசா மூன்றாவது கிண்ணத்தைக் குடித்து முடித்தார். நானும் என் கிண்ணத்தைக் குடித்திருந்தேன். முகம் சிவந்திருந்தது. நான் பிளாஸ்கிலிருந்த பார்லி டீயை அவர் கையில் திணித்தேன். அவர் டீயைப் பிடித்தபடியே, காலியான கிண்ணத்தை உள்ளங்கையால் மூடினார். தலையை லேசாகத் தாழ்த்தினார்.

"இல்லீங்க, போதும். எனக்கு மூணுதான் கணக்கு. இவதான் போலீஸ்."

என் தோளுக்கு மேலே பார்த்துத்தான் பேசினார்.

நான் உடனே திரும்பவில்லை. ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கழுத்தின் இடது பக்கம் குளிர்ந்தது. கதவு திறந்தால் வரும் குளிர் அல்ல. கிணற்றுச் சுவரில் கை வைத்தால் வருமே, அந்த மாதிரி.

திரும்பினேன். யாரும் இல்லை.

பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். கை விரலை ஊசியால் குத்தினாலும் தெரியாது என்பது போல் இருந்தது.

ஜூசென்ஜியின் ஊற்றுத் தண்ணீரில்தான் மூன்று ஆலைகளும் சாகே செய்கின்றன. அதனால் நடை அங்கேதான் முடியும். மியாஹாரா எல்லோரையும் கருவறை மண்டபத்துக்குள் கூட்டிப் போனாள். யசுமாசாவுக்கு மூச்சு வாங்கியது. மணிக்கூண்டுக்குப் பின்னால் கூரையின் கீழ் ஒரு கல்படி இருந்தது.

"நான் இங்க உக்காந்திருக்கேன். நீ போ."

"எங்கயும் போகாதீங்க."

"இந்த மூச்ச வச்சுக்கிட்டு ஓடவா போறேன்?"

கழிப்பறைக்குப் போனேன். மூன்று நிமிடம் இருக்கும். திரும்பி வரும்போது கோயில் மணி அடித்தது. நாலரை. அந்தச் சத்தம் பனிக்குள் அடங்கும் வரை நின்றேன். வெளிச்சம் நீலமாகிவிட்டிருந்தது.

மணி ஓய்ந்தது.

களக்...

மணிக்கூண்டைச் சுற்றி வந்தேன்.

யசுமாசா படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் கிண்ணத்தை மரியாதையாக ஏந்தியிருந்தார்.

களக்... களக்...

கிண்ணத்தில் சாகே ஏறிக்கொண்டிருந்தது.

குடுவையைப் பிடித்திருந்த கை தெரிந்தது. சாம்பல் நிறக் கம்பளி. நனைந்த மணிக்கட்டு. அதில் பனிக்கட்டி ஒட்டியிருந்தது.

தோளுக்கு மேலே பார்க்க என் கண் போகவில்லை.

கையை மட்டும் பார்த்தேன்.

உள்ளங்கை மேலே. புறங்கை கீழே.

கையைத் திருப்பி அப்படி நாங்கள் ஊற்றுவது செத்தவர்களுக்கு மட்டும்தான். குழந்தைகள் விளையாட்டாகச் செய்தால்கூடக் கையில் அடி விழும்.

விளிம்பு வரை நிறைந்தது.

நாலாவது.

யசுமாசா கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டுபோனார்...

பிடுங்கினேன்.

பனியில் கொட்டியிருக்கலாம். கொட்டியிருக்க வேண்டும். ஆனால் ஒருவர் ஊற்றியதை அவர் கண் முன்னாலேயே கொட்ட எங்கள் கைக்குத் தெரியாது. யோசிக்கவே இல்லை. ஊற்றிய கிண்ணத்தில் யாராவது வாய் வைத்தாக வேண்டும்.

நானே குடித்தேன்.

ருசி இல்லை. வாசனை இல்லை. குளிர்கூட இல்லை. தொண்டையில் ஏதோ இறங்கியது என்பதே வயிறு கனத்த பிறகுதான் தெரிந்தது.

நிமிர்ந்தேன். கை இல்லை. குடுவை இல்லை.

"ஏய்! என்ன மரியாதை இது? அவங்க எனக்கு ஊத்துனது!"

"கிளம்புங்க."

"தொமொயே..."

"கிளம்புங்கன்னு சொல்றேன்ல."

அவர் எழுந்தார். படியின் காலியான பக்கத்தைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பத்திரிகைக்காரி. முரட்டுப் பழக்கம்."

ரயிலில் அவர் தூங்கிவிட்டார். வீடு வரும் வரை அவருடைய நெஞ்சில் என் கையை வைத்தபடியே இருந்தேன். ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தது. யாரைப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. தைத்த நெஞ்சு. கேட்டு, அவருக்குப் புரிந்து, அதனால் ஏதாவது ஆகிவிட்டால்?

அடுத்த வாரப் பரிசோதனையில் டாக்டர் அவரைப் பாராட்டினார். என் உதட்டின் மரமரப்பு மட்டும் போகவில்லை. வேறொரு டாக்டர் ஊசியால் தொட்டுப் பார்த்தார், படம் எடுத்தார். நரம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்.

இரண்டு வாரம் கழித்துத் தனியாக ஜூசென்ஜிக்குப் போனேன். கோயில் குருவின் மனைவி வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். மணிக்கூண்டுப் பின்படியில் ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். அவர் மண்வாரியைச் சுவரில் சாய்த்தார்.

"பத்திரிகையா?"

"முன்னாடி. இப்ப இல்ல. அன்னிக்கு நடைக்கு வந்திருந்தேன்."

கையிலிருந்த பனியைத் தட்டினார். பிறகு சொன்னார்.

"இந்த நடை ஆரம்பிச்ச முதல் வருஷம் ஒரு அம்மா தனியா வந்திருந்தாங்க. அறுபது வயசு இருக்கும். மத்தவங்கெல்லாம் கும்பல் கும்பலா வந்தவங்க. எல்லாம் முடிஞ்சதும் அந்தப் படியில வந்து உக்காந்திருக்காங்க. குடிச்சிட்டுத் தூங்குறாங்கன்னு நெனச்சுட்டாங்க போல. காலையில என் வீட்டுக்காரர்தான் பாத்தார். அதுக்குள்ள குளிர்ல எல்லாம் முடிஞ்சிருச்சு."

"ரொம்பக் குடிச்சிருந்தாங்களா?"

"அதாங்க. வயித்துல ஒரு சொட்டு இல்லன்னு போலீஸ்ல சொன்னாங்க. கழுத்துல தொங்குன கிண்ணமும் காஞ்சு கெடந்துச்சு. மூணு ஆலையும் நடந்திருக்காங்க. தெரியாதவங்களுக்கு யார் ஊத்துவா? ஒருத்தரும் ஊத்தல."

"அவங்களே ஊத்திக் குடிச்சிருக்கலாமே."

"நீங்களா இருந்தா ஊத்திப்பீங்களா?"

அவர் மறுபடி மண்வாரியைக் கையில் எடுத்தார்.

"சொந்தம்னு யாரும் வரல. நாங்களே எரிச்சோம். அதுக்கு முன்னாடி அந்தக் கிண்ணத்த நான்தான் நெறச்சு வச்சேன். செத்தவங்களுக்கு ஊத்துற மாதிரி, கையத் திருப்பி. பாவம், அவங்களுக்குக் கெடச்சது அது ஒண்ணுதான்."

அந்தக் கையைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் யசுமாசா முள்ளங்கி வேகவைத்துக்கொண்டிருந்தார். அடுப்பு எரியும் சத்தம் மட்டும் கேட்டது. அடுப்பைப் பார்த்தபடியே கேட்டேன்.

"அன்னிக்கு உங்களுக்குக் கோயில்ல ஊத்துனாங்களே... அவங்க எப்பலேருந்து உங்க கூட வந்தாங்க?"

"என் கூடவா? உன் கூடத்தான வந்தாங்க. நிலையத்துலேருந்தே உன் இடது பக்கம். உனக்குத் தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன்."

அவர் அடுப்பைக் கொஞ்சம் தணித்தார்.

"நீயும் சரியான ஆளு. அவங்க உனக்கு ஊத்திக்கிட்டே இருக்காங்க, நீ பாட்டுக்கு என்னையே மொறச்சுக்கிட்டு குடிக்கிற. ஒரு தடவை திரும்பி அவங்களுக்கு ஊத்துனியா? எனக்கே சங்கடமாப் போச்சு. அதான் உன் சார்பா நான் ஊத்துனேன். பதிலுக்குத்தான் அவங்க எனக்கு ஊத்துனாங்க. அதையும் பிடுங்கிக் குடிச்சிட்ட."

"மூணு ஆலையிலயும் எனக்கு ஊத்துனது நீங்க இல்லையா?"

யசுமாசா மூடியைத் திறந்து முள்ளங்கியைக் குத்திப் பார்த்தார்.

"நான் எங்க ஊத்தறது? உன் கிண்ணம் ஒரு தடவையாவது காலியா இருந்துச்சா?"