முனியாண்டி குதிரையின் சிறகுகள்

தேக்கரண்டியின் முதுகால் கம்பியின் மேல் பூசிய ஈரச் சிமெந்தை அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு இறகாக அவர் வடித்துக்கொண்டிருந்தார். ஹல்துமுல்லைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குக் குதிரை செய்ய வந்த மேசன் அவர். முனியாண்டியின் குதிரைக்குச் சிறகு ஏது என்று யாரும் கேட்கவில்லை. பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான். பெரகலச் சந்தியில் நிற்கும்போதெல்லாம் மொனராகலை பஸ்ஸின் பின்கண்ணாடியில் சிறகு வைத்த குதிரைப் படத்தைப் பார்ப்பாராம். "சாமி மலைக்கு மலை தாவணும்ல டீச்சர், அதான் வச்சேன்" என்றார்.

நான் பேசாமல் போயிருக்கலாம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவளுக்கு வாய் சும்மா இருக்குமா? "இது கிரேக்கக்காரங்க குதிரை. பேரு பெகாசஸ்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற கோயில் தலைவரின் முகம் மாறிவிட்டது. "வெளிநாட்டுக் குதிரை நம்ம சாமிக்கு எதுக்கு? நாளைக்குள்ள றெக்கைய எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மேசன் என்னைக் கோபிக்கவில்லை. கரண்டியைத் துடைத்தபடி, "அந்தப் பேருக்கு என்னா அர்த்தம் டீச்சர்?" என்றுதான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை கைபேசியில் தேடித் தேடி வாசித்தேன். ஊற்று என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று அவர்களின் பழைய புலவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். பெருங்கடலின் ஊற்றுகளருகே பிறந்த குதிரையாம். அது குளம்பால் உதைத்த இடத்தில் தண்ணீர் பீறிட்டதாம். இன்றைய ஆய்வாளர் சிலரோ, அது கிரேக்கச் சொல்லே அல்ல, துருக்கிப் பக்கத்துப் பழைய மொழியொன்றில் மின்னலைக் குறித்த சொல், இடிக்கடவுளின் பெயரோடு சேர்ந்தது, அங்கிருந்து கடல் தாண்டி வந்திருக்கலாம் என்கிறார்கள். முடிவாக யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் நின்றுவிட்டேன். என் பூட்டனும் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்தான். எங்களை எத்தனை பேர் வெளிநாட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே பேச்சுக்கு நானே ஒரு குதிரையைப் பிடித்துக் கொடுத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடுமுன் கோயிலுக்கு ஓடினேன். சிறகுகள் உடைந்து கீழே கிடந்தன. மேசன் குதிரையின் தோளைப் பூசி மெழுகிக்கொண்டிருந்தார். ஊற்றையும் மின்னலையும் மூச்சு வாங்கச் சொன்னேன். "ரெண்டுல எது?" என்றார். யாருக்கும் தெரியாதாம் என்றேன்.

பிறகு அவர் வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விட்டார். இப்போது திருவிழாவுக்குத் திருவிழா அந்தக் குதிரைக்கு வெள்ளையடித்து மாலை போடுகிறார்கள். தோளைத் தடவினால் இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். ஏனென்று தலைவருக்குக்கூடத் தெரியாது. அன்று காலை மேசன் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "றெக்கையத்தான் எடுக்கச் சொன்னாரு டீச்சர். கம்பிய நான் வெட்டல. உள்ள மடக்கி வச்சிருக்கேன்."